பின்னாலேயே இரு, முன்னால் போ!

இது பேஸ்பால் பற்றிய பதிவு. கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டாகவே மதிக்காத நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்னைப்போல் ஆறு மாதம் அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் இருக்க வந்து, சனிக்கிழமை காலையில் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்கில் காபியுமாகப் பேரனோடு மைதானத்துக்குப் போகிறவர்கள் உங்களில் பலர் உண்டு. முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பேட் பிடிக்கும் குழந்தையிடம் "உடம்பு எடையை முன்னால் கொண்டு போ" என்று சொல்பவர், அதை எப்போது கொண்டுபோக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் பந்தை மட்டும் போட்டுக்கொண்டிருக்கலாம். அரைகுறைப் பாடத்துக்கு அது எவ்வளவோ மேல்.

இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பேஸ்பாலில் ஒன்றும் கிடையாது. முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். குண்டு எறிதல், ஈட்டி எறிதல், ஹாக்கி, வாலிபால் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்த விளையாட்டாக இருந்தாலும் தரையை மிதிப்பது இதே இரண்டு கால்தான். போதாக்குறைக்கு, ஆறு வருடமாக நியூ ஜெர்சிக்கு வரும்போதெல்லாம் இந்த ஆட்டத்தைப் பார்க்கிறேன், அதைப் பற்றிப் படிக்கிறேன்.

மைதானத்தில் நடப்பது இதுதான். பதினோரு வயதுப் பையன் பேட்டோடு நிற்கிறான். பிட்சர் பந்தை வீசுகிறான். பயிற்சியாளர் "ஸ்டே பேக்!" என்று கத்துகிறார். அதாவது பின்னாலேயே இரு, முன்னால் சாய்ந்துவிடாதே. அடுத்த பந்துக்கு வேலியோரம் நிற்கும் ஒரு அப்பா "எடையைப் போட்டு அடி!" என்கிறார். மூன்றாவது பந்துக்கு, "ஸ்டே பேக்" சொன்ன அதே பயிற்சியாளர் "ஷிஃப்ட் யுவர் வெயிட்!" என்கிறார். பையன் யோசித்துக்கொண்டே நிற்கிறான். பேட் தோளைவிட்டு இறங்கவே இல்லை. மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருகிறான்.

இதில் வேடிக்கை, இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே ஸ்விங்கில் பின்னால் இருக்கவும் வேண்டும், முன்னால் போகவும் வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றது. நடுவில் இருக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

வலது கை ஆட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இடது கால் பிட்சர் பக்கம் இருக்கும். அது முன்கால். பிட்சர் வீசத் தயாராகும்போது இவர் எடையை மெல்லப் பின்காலில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு முன்காலைத் தூக்கிப் பிட்சரை நோக்கி ஒரு சின்ன எட்டு வைக்கிறார். உடம்பு முன்னால் நகர்கிறது. ஆனால் கைகளும் பேட்டும் அதோடு கிளம்பிவிடாமல் பின்தோள் அருகிலேயே இருக்கின்றன. முன்கால் பாதம் முழுதாகத் தரையில் பதிந்ததும் அந்தக் கால் விறைத்துத் தூண்போல் நிற்கிறது. முன்னால் வந்துகொண்டிருந்த உடம்பு அங்கே தடுக்கப்படுகிறது. அந்த வேகம் இடுப்பில் சுழற்சியாக மாறி, மார்பு, தோள், கை என்று ஏறிக் கடைசியில் பேட்டின் நுனிக்குப் போய்ச் சேருகிறது.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது எளிதில் புரியும். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால், பஸ்ஸோடு சேர்ந்து கால் நின்றுவிடும், தோளும் தலையும் முன்னால் பாயும். பேட்டருடைய முன்கால் அந்த பிரேக். ஈட்டி எறிபவர் அத்தனை வேகமாக ஓடிவந்து கடைசி எட்டில் முன்காலை விறைப்பாக ஊன்றுகிறாரே, அதுவும் இதே வேலைதான். கால் மடங்கினால் ஈட்டி பக்கத்திலேயே விழும். தரையில் கருவி பதித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்கால் ஊன்றும்போது அதில் விழும் விசை ஆட்டக்காரரின் முழு எடையையும் தாண்டுகிறது. ஒரு காலில் சும்மா நிற்பதைவிட அதிகம்.

ஆகவே "எடையை முன்னால் கொண்டு போ" என்பது பாதி வாக்கியம். "கொண்டுபோய், நிறுத்து" என்பதுதான் முழு வாக்கியம். இது தெரியாத குழந்தை என்ன செய்கிறான்? பந்தை நோக்கி அப்படியே விழுகிறான். முன் முழங்கால் மடங்குகிறது, தலை முன்பாதத்துக்கு மேலே போகிறது, இடுப்பு சுழல இடமில்லாமல் கையால் மட்டும் தட்டுகிறான். பந்து பொத்தென்று காலடியில் விழுகிறது. "இன்னும் பலமாக!" என்று கத்தினால் இன்னும் வேகமாக விழுவான், அவ்வளவுதான்.

தலை நகர்வதில் இன்னொரு கெடுதல் உண்டு. தலை போகும் இடத்துக்குக் கண்ணும் போகிறது. எட்டு வைக்கும்போது தலை கொஞ்சம் முன்னால் வரத்தான் செய்யும். ஆனால் சுழற்சி தொடங்கும்போது அது இரண்டு காலுக்கும் நடுவில் வந்து நிலைத்துவிட வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து இன்னொரு வண்டியின் எண்ணைப் படிப்பதற்கும், நின்ற இடத்திலிருந்து படிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இனி எப்போது என்ற கேள்வி. இங்கேதான் இந்த ஆட்டத்தின் கொடுமையே இருக்கிறது.

பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். பந்தைக் கைவிடும்போது பிட்சர் எட்டி முன்னால் வந்துவிடுவதால் உண்மையில் 55 அடிதான். மணிக்கு 95 மைல் வேகப் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.4 வினாடியில் கடக்கிறது. பேட் சுற்றி வர மட்டும் 0.15 வினாடி வேண்டும். மிச்சமிருக்கும் கால் வினாடியில் பந்தைப் பார்த்து, வகையைக் கண்டுபிடித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். யேல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் அடேர் 1990-ல் பேஸ்பால் இயற்பியல் பற்றி ஒரு சிறிய புத்தகமே எழுதினார். ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ நல்ல அடிகூட கோட்டுக்கு வெளியே போய்விடும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு என்ன சலுகை என்று நினைக்காதீர்கள். 12 வயது வரையுள்ள பையன்கள் ஆடும் லிட்டில் லீகில் தூரம் 46 அடி. 70 மைல் வேகத்தில் வீசும் ஒரு திடமான பையன் எதிரே இருந்தால், பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் பெரியவர்களின் 92 மைல் பந்துக்குச் சமம்.

இந்த நேரத்துக்குள் யோசித்து எடையை மாற்ற முடியாது. அதனால்தான் நல்ல பேட்டர்கள் பந்து கையைவிட்டு வருவதற்கு முன்பே எட்டு வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எட்டு எந்தப் பந்து வந்தாலும் வைத்தாக வேண்டியது. ஸ்விங் மட்டும் பந்தைப் பார்த்தபின் எடுக்கும் முடிவு. எட்டும் ஸ்விங்கும் தனித்தனி என்று ஒரு குழந்தைக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பிட்சர்கள் உடைக்கப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். 363 ஆட்டங்களில் வெற்றி கண்ட வாரன் ஸ்பான், அடிப்பது காலக் கணக்கு, பந்து வீசுவது அந்தக் கணக்கைக் கெடுப்பது என்ற பொருளில் சொன்னதை இங்கே எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சேஞ்ச்-அப் என்று ஒரு பந்து உண்டு. அதே கை வீச்சு, ஆனால் வேகம் பத்து மைல் குறைவு. வந்து சேர 0.04 அல்லது 0.05 வினாடி அதிகம் ஆகும். முழு எடையையும் கைகளையும் ஒன்றாக முன்னால் எறிந்துவிட்டவன் கதை அங்கே முடிந்தது. கால் ஊன்றியபின்னும் கைகளைப் பின்னால் வைத்திருப்பவனுக்கு மட்டும் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கும். "ஸ்டே பேக்" என்பதற்கு உண்மையான அர்த்தம் இதுதான். கால் போகட்டும், கை இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் ஐம்பது வருடமாக இரண்டு கட்சி இருக்கிறது. நம் ஊர் சிவாஜி, எம்.ஜி.ஆர். சண்டை மாதிரி. ஒரு கட்சிக்குத் தலைவர் டெட் வில்லியம்ஸ். 1941-ல் அவர் .406 சராசரி எடுத்தார், அதாவது பத்துக்கு நான்கு முறைக்கு மேல். அந்த லீக்குகளில் ஒரு முழு சீசனில் .400-ஐத் தொட்டவர் அதன்பின் யாரும் இல்லை. இடுப்புச் சுழற்சிதான் எல்லாம் என்பது அவர் வாதம். இன்னொரு கட்சிக்குத் தலைவர் சார்லி லாவ். ஆட்டக்காரராக அவருடைய சராசரி வெறும் .255. ஆனால் பயிற்சியாளராக 1970களில் கேன்சஸ் சிட்டியில் ஜார்ஜ் பிரெட் போன்றவர்களை உருவாக்கினார். அந்த பிரெட் 1980-ல் .390 எடுத்து நாட்டையே மூச்சுப் பிடிக்க வைத்தார். பின்னாலிருந்து முன்னால் எடை போவதுதான் எல்லாம் என்பது லாவ் வாதம்.

இரண்டு கட்சியின் வாதத்தையும் படித்துவிட்டு, மெதுவாக ஓட்டும் வீடியோக்களில் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தால், சண்டைக்கு அவ்வளவு காரணம் இல்லை என்று தோன்றுகிறது. வில்லியம்ஸும் எட்டு வைக்கிறார். பிரெட்டின் இடுப்பும் சுழல்கிறது. நகர்வது முதல் காட்சி, சுழல்வது இரண்டாம் காட்சி. ஒருவர் முதல் காட்சியை அழுத்திச் சொன்னார், மற்றவர் இரண்டாவதை. சீடர்கள்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள்.

குழந்தைகளிடம் அடிக்கடி சொல்லப்படும் "பூச்சியை நசுக்கு" என்ற கட்டளை அப்படி வெட்டப்பட்ட ஒரு துண்டு. பின்காலை ஊன்றி, பூச்சியை மிதித்து நசுக்குவதுபோல் திருப்ப வேண்டுமாம். சிகாகோவில் ஆடிய ஃபிராங்க் தாமஸ் பந்தை அடிக்கும் படங்களைப் பாருங்கள். பின்கால் பல படங்களில் தரையைவிட்டே எழும்பியிருக்கும். எடை முன்காலுக்கு வந்தபின் பின்காலில் நசுக்க என்ன பாரம் இருக்கிறது? பூச்சி தப்பித்துவிடும்.

இன்னொரு தொல்லை, பெரிய ஆட்டக்காரரின் பாணியைக் குழந்தை மேல் ஒட்டுவது. ஆளுக்கு ஆள் முன்னால் வரும் வழி எவ்வளவு வேறுபடுகிறது பாருங்கள். 1941-ல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோ, கால்களை நன்றாக அகட்டி நின்று, எட்டு வைத்ததே தெரியாத அளவுக்கு வைப்பார். ஜப்பானின் சதஹரு ஓ அதற்கு நேர் எதிர். முதல் மூன்று வருடத்தில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 7, 17, 13. நேரம் பிடிபடவே இல்லை. 1962-ல் அராகவா என்ற பயிற்சியாளர் அவரை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். பிட்சர் அசையத் தொடங்கியதுமே முன்காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி காத்திருப்பது. அராகவா அய்க்கிடோ கற்றவர். தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வெட்டும் பயிற்சியெல்லாம் கொடுத்தார். ஒற்றைக் காலில் நிற்பவன் ஆடினால் விழுந்துவிடுவான். அதனால் சமநிலை தானாக வந்தது. அதோடு, சீக்கிரமே தயாராகிவிட வேண்டிய கட்டாயமும் வந்தது. அந்த வருடம் 38 ஹோம் ரன். 1980-ல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868.

அதே ஜப்பானிலிருந்து வந்த ஷோஹேய் ஓதானி எதிர்த்திசையில் போனார். 2018-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது காலைத் தூக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தார். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் சராசரி .125. இவனுக்கு இங்கே அடிக்க வராது என்றே சிலர் எழுதினார்கள். சீசன் தொடங்கும் சமயத்தில் காலைத் தூக்குவதை விட்டுவிட்டார். விரலைத் தரையில் வைத்தபடியே குதிகாலை மட்டும் தூக்கி இறக்கினார். அந்த வருடம் 22 ஹோம் ரன், சிறந்த புதுமுக விருது. 2024-ல் 54 ஹோம் ரன். ஒருவர் காலைத் தூக்கி நேரத்தைப் பிடித்தார், இன்னொருவர் தூக்காமல் பிடித்தார். முன்கால் ஊன்றும் அந்த நேரத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். கால் ஊன்றியாயிற்று, கை பின்னால், தலை நடுவில்.

என் பேரன் சென்ற வருடம் தனிப் பயிற்சிக்குப் போனான். அங்கே காலைத் தூக்கச் சொன்னார்கள். அணிப் பயிற்சியாளர் தூக்காதே என்றார். மாப்பிள்ளை போனில் வீடியோ எடுத்து, இரவு சாப்பாட்டு மேஜையில் அதை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். நல்ல மனிதர், பிள்ளை மேல் உயிர். ஒருநாள் பையன் என் அறைக்கு வந்து, "தாத்தா, ஸ்டே பேக்னா என்ன, ஷிஃப்ட்னா என்ன? ரெண்டையும் எப்படி ஒண்ணாப் பண்றது? எனக்கு பேஸ்பாலே வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்றீங்களா?" என்றான். ஐந்து வயதில் தூங்கும்போதுகூட கிளவுஸைக் கட்டிக்கொண்டு படுத்தவன் அவன்.

நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "ஒரு மாசம் யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை. நீங்க பந்தைப் போடுங்க, நான் பொறுக்கறேன்." அவர் சிரித்துக்கொண்டே, "பவர் வராதே மாமா, பேட் ஸ்பீட் ஏறணுமே" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் பேட் பந்தைத் தூரம் அனுப்பும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பேட்டின் அடியில் கருவி மாட்டி வேகம் அளக்கிறார்கள். பெரிய லீகில் 2024 முதல் ஒவ்வொருவரின் பேட் வேகத்தையும் வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலிலேயே கடைசி ஓரத்தில் லூயிஸ் அராயெஸ் என்று ஒருவர் இருக்கிறார். பேட் வேகத்தில் மிக மெதுவானவர்களில் ஒருவர். அவர்தான் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று வருடம், மூன்று வேறு அணிகளில் ஆடி, தன் லீகில் முதல் சராசரி எடுத்தவர். வளர்ந்தபின் உடம்பு பலத்தைத் தானே கொண்டுவரும். நேரம் பிடிக்கும் கண்ணும் சமநிலையும் இந்த வயதில் படிய வேண்டியவை.

நான் சொல்லும் முறை எளிது. காசும் செலவில்லை.

முதலில், அடித்து முடித்தபின் மூன்று எண்ணும் வரை விழாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடிந்தால் எடை எங்கே போனாலும் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. முடியாவிட்டால் பலத்தைக் குறைத்து மறுபடி.

இரண்டாவது, எட்டு வைத்து, நின்று, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு வினாடி இடைவெளி. ஆட்டத்தில் அந்த இடைவெளி இருக்காது. ஆனால் காலும் கையும் வேறு வேறு என்பதை உடம்பு தெரிந்துகொள்ளும்.

மூன்றாவது, பந்தைக் கீழ்க்கையால் போடுங்கள், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, சொல்லாமல் மாற்றி மாற்றி. ரப்பர் கம்பத்தின் மேல் வைத்த பந்தை ஆயிரம் முறை அடிப்பதும், ஒரே வேகத்தில் துப்பும் இயந்திரத்தின் முன் நிற்பதும் ஸ்விங்கைப் பழக்கும். நேரத்தைப் பழக்காது. நேரம் மாறினால்தானே நேரத்தைக் கற்க முடியும்?

நான்காவது, குழந்தையின் எட்டு பிட்சரை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகினால், அது பயம். பந்து மேலே பட்டுவிடும் என்ற பயம். அதற்கு எடை பற்றிய பாடம் எதுவும் உதவாது. மெத்தென்ற பந்து வாங்கிப் போடுங்கள். திட்டாதீர்கள்.

கடைசியாக, அவன் பேட்டோடு நிற்கும்போது யாரும் கத்த வேண்டாம். கால் வினாடியில் முடிவெடுக்க வேண்டியவன் காதில் இரண்டு கட்டளையைப் போட்டால் அவன் எதைச் செய்வான்? நாற்பது வயதுக்காரர்களுக்கே அது முடியாது. சொல்ல வேண்டியதைப் பயிற்சியில் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று.

பேரன் இந்த வருடம் ஆடுகிறான். பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை, ஆனால் பேட் தோளைவிட்டு இறங்குகிறது. மாப்பிள்ளை இன்னமும் வீடியோ எடுக்கிறார், சாப்பாட்டு மேஜையில் காட்டுவதில்லை.

அமெரிக்காவில் பேரப் பிள்ளைகளோடு இருக்கும் நண்பர்கள் உங்கள் ஊர் மைதானத்தில் என்ன கத்துகிறார்கள் என்று எழுதுங்கள். என் கட்சி தவறு என்று நினைப்பவர்களும் எழுதலாம். சண்டைக்கு நான் எப்போதும் தயார், முழங்கால் வலி இல்லாத நாட்களில்.